பூ எடுக்க ஆள் வராததற்கு நூறு நாள் வேலைதான் காரணமா?

மார்ச் 3, 2024. வாசகர் ஒருவர் கேட்டது

திருமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லி போட்டிருக்கிறேன். சீசன் ஆரம்பித்துவிட்டது, எடுக்க ஆள் இல்லை. விடிகாலை நாலு மணிக்குக் குட்டியானை வண்டியைக் கொண்டுபோய்த் தெருமுனையில் நிறுத்தினாலும் ஏறுவது ஏழெட்டுப் பேர். மீதிப் பேர் கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நூறு நாள் சம்பளம் வாங்குகிறார்கள். மொட்டு செடியிலேயே விரிந்து வீணாகிறது. கிராமத்துப் பெண்களைச் சோம்பேறியாக்கியதைத் தவிர அந்தத் திட்டம் என்ன செய்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

எங்கள் வீட்டிலும் மல்லி உண்டு. செக்கானூரணிக்குத் தெற்கே, செம்மண், 80 சென்ட். அப்பா இருந்தவரை அவர் பார்த்தார், இப்போது தம்பி பார்க்கிறான். நான் மதுரையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஒரு நாளாவது பூ எடுத்திருக்கிறீர்களா? பத்தாவது படிக்கும்வரை நான் எடுத்தேன். மூன்றரைக்கு எழுந்து, நெற்றியில் லைட்டை மாட்டி, இடுப்பில் மடி கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். செடி இடுப்புயரம்கூட இருக்காது, குனிந்தால் குனிந்ததுதான். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு மட்டும் வேண்டும். பச்சை மொட்டைக் கிள்ளினால் நாளைய பூ போச்சு, வெள்ளை மொட்டை விட்டால் இன்றைய பூ போச்சு. வெயில் ஏறுவதற்குள் முடித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடவேண்டும். 100 கிராமுக்கு 380 மொட்டு பிடிக்கும். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு நாலாயிரம் தடவைக்குக் கிட்டே நகத்தால் கிள்ளவேண்டும். இதை முடித்து வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை நீங்கள் வேப்பமரத்தடியில் பார்த்திருக்கிறீர்கள்.

வேலை நடக்கிற இடத்தில் இளைப்பாற நிழல் இருக்கவேண்டும் என்று அந்தத் திட்டத்தின் சட்டத்திலேயே இருக்கிறது. வேப்பமரம் அரசாங்கச் செலவில்லாமல் கிடைத்த நிழல்.

இரண்டு வேலையும் ஒன்றையொன்று மறிக்காது என்பதையும் சொல்லவேண்டும். பூ வேலை எட்டரைக்கு முடிந்துவிடும், கண்மாய் வேலை அதற்குப் பிறகு.

ஒரே ஒரு கேள்வி. கிலோவுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள்?

மார்ச் 4

நிஜமாகவே எண்ணினீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணினேன். போன ஞாயிற்றுக்கிழமை, மகளோடு, வீட்டு வராந்தாவில். அவள் இருநூறோடு எழுந்து போய்விட்டாள். மொத்தம் 383. இது மாசி மொட்டு, கொழுத்தது. மார்கழி மொட்டு சின்னது, இன்னும் கூடுதலாக ஏறும். எண்ணி முடித்ததை வீணாக்காமல் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9

அம்மாவின் கணக்கு நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பழைய பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கங்கள், ஆள் பேர், கிலோ, கொடுத்தது, பாக்கி. நேற்று இரவு கிலோக்கூலியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

2003இல் 8 ரூபாய். 2008 தொடக்கத்தில் 10. 2009இல் 15, 2010இல் 20, 2012இல் 25. இப்போது தம்பி கொடுப்பது 70.

ஐந்து வருஷத்தில் 2 ரூபாய் ஏறிய கூலி, அடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது 2005இல். திண்டுக்கல்லுக்கும் சிவகங்கைக்கும் 2006லேயே திட்டம் வந்துவிட்டது, மதுரை மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. அப்போது தினக்கூலி 80 ரூபாய். எங்கள் தோட்டத்தில் 80 ரூபாய் பார்க்க 8 கிலோ எடுக்கவேண்டும். கை தேர்ந்தவர்கள் நல்ல சீசனில் நாலு கிலோ எடுப்பார்கள்.

அப்பா அப்போது திண்ணையில் உட்கார்ந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நம்ம ஆளுகளைக் கவர்மெண்டு களவாண்டுட்டுப் போயிருச்சு." நம்ம ஆளுகளாம். மாடு காணாமல் போனால்கூட அவர் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

மார்ச் 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அதே வருஷங்களில் பூ விலையும் ஏறியது. மதுரையைச் சுற்றி வீடு வீடாக எழும்பியது, எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் சித்தாளாகப் போனார்கள். எல்லாவற்றையும் நூறு நாள் வேலையின் கணக்கில் வரவு வைத்தது தப்பு. ஆனாலும் 2009இல் எங்கள் வீட்டில் கூலியை ஏற்றியதற்கு அம்மா சொன்ன காரணம் பூ விலை இல்லை. "பத்துக்கு யாரும் வரமாட்டேங்குறாக."

பூ விலை பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் பூ கொட்டும்போது கிலோ நூறு இருநூறுக்கு இறங்கி, செண்ட் கம்பெனிக்குப் போகும். மார்கழி, தையில் பனியில் மொட்டு பிடிக்காது, கிலோ மூவாயிரத்தைத் தாண்டும். அந்த நாளில் செடி செடியாகத் தேடி ஒரு ஆள் எடுப்பது கால் கிலோ. பல தோட்டங்களில் அப்போது மணிக்கூலிக்கு மாறிவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் மாறவில்லை. மூவாயிரம் ரூபாய்ப் பூவுக்கும் கிலோக்கூலிதான்.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா ஸ்வீட் வாங்கி வந்தார். பூ எடுப்பவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். கூலி அந்த வருஷம் ஏறவில்லை.

மார்ச் 17

ஊருக்குப் போய் வந்தேன். முதல் குறிப்பில் நான் எழுதிய ஒன்று தப்பு.

இரண்டு வேலையும் ஒன்றையொன்று மறிக்காது என்றேன். எங்கள் கொத்துக்காரம்மா சிரித்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல், முப்பது வருஷமாக எங்கள் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வருகிறவர். "அதெல்லாம் போட்டா வர்றதுக்கு முந்தித் தாயி."

இப்போது நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு போனில்தான். காலையில் ஒரு படம், மத்தியானத்துக்கு மேல் ஒரு படம். 2023 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். முதல் படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைய நாள் போச்சு. எங்கள் கண்மாய் மடைப்பக்கம் சிக்னல் கிடையாது என்பதால் எல்லாரையும் கரைமேல் ஏற்றிப் படம் எடுத்துத் திரும்ப இறக்குகிறார்கள். நீங்கள் ரோட்டிலிருந்து பார்க்கும்போது ஐம்பது பெண்கள் கரைமேல் சும்மா நிற்பது அதற்காகத்தான். ஆகவே சீசனில் அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. பூவா, கண்மாயா? உங்கள் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்துப் பேசவேண்டியது அந்தப் பெண்களிடம் இல்லை.

கூலி என்னவென்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

நேற்றிலிருந்து தமிழ்நாட்டுக்கு நூறு நாள் கூலி 319 ரூபாய். போன வருஷம் 294. வேலையை அளந்து கொடுப்பதால் முழுத்தொகை எல்லா வாரமும் கைக்கு வருவதில்லை, அது வேறு கதை.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. எங்கள் ஊரில் அப்படி ஒரு வேலை அதற்குமுன் இருந்ததே இல்லை. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனால் ஒரே மாதிரியான வேலைக்குத்தான் சம கூலி என்று அது சொல்கிறது. எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், வேலையையே இரண்டாகப் பிரித்துவைத்துவிட்டார்கள். கவாத்து, மருந்தடிப்பு ஆண் வேலை, நாளுக்கு 700. களையெடுப்பு, பூ எடுப்பு பெண் வேலை. களைக்கு 300. குனிந்து செய்வதெல்லாம் பெண் வேலை என்று யார் எழுதிவைத்தார்களோ.

இதையெல்லாம் எழுதும் நான், தம்பி கொடுக்கும் 300ஐப் பற்றி அவனிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் தோட்டம், அவன் கணக்கு என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஊரில் இருக்கிறேன். கீரை பற்றி எழுதவேண்டும் போலிருக்கிறது. சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது களையெடுக்க வருகிற பெண்கள் களைக்கொத்தோடு ஒரு பழைய துண்டும் கொண்டுவருவார்கள். நமக்குக் களை, அவர்களுக்கு ராத்திரிக் குழம்பு. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, வரப்போரத்து மூக்கிரட்டை. கொத்திப் போடுவதைப் போடுவார்கள், கிள்ளி எடுப்பதை எடுப்பார்கள். மத்தியானம் துண்டு தலையணை மாதிரி உப்பியிருக்கும். அப்பா அதைக் கண்டும் காணாமல் இருப்பார். அது கூலியில் சேராத கூலி. கைப்பிள்ளைக்காரிக்கு எந்தக் கீரை, மூட்டுவலிக்கு எந்தக் கீரை என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் நான் செடிகொடிப் பேர் கற்றேன். பள்ளிக்கூடத்தில் இல்லை.

இன்று காலை தோட்டத்தைச் சுற்றி வந்தேன். பாத்திகளுக்கு நடுவில் மண் வெறுமையாக, கருகின மாதிரி இருந்தது. தம்பி மூன்று வருஷமாகப் பெரும்பாலும் களைக்கொல்லிதான் அடிக்கிறான். ஒரு ஆள், ஒரு ஸ்பிரேயர், அரை நாள். முன்பு எட்டுப் பெண்களுக்கு நாலு நாள் வேலை. அவனைக் குறை சொல்ல முடியவில்லை, கணக்குப் போட்டால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் போனது எட்டுப் பேரின் நாலு நாள் கூலி மட்டும் இல்லை, எட்டு வீட்டுக் கீரையும். இப்போது அவர்கள் கீரையைச் செக்கானூரணிச் சந்தையில் கட்டு பதினைந்து ரூபாய்க்கு வாங்குகிறார்கள், அதுவும் சிறுகீரையும் தண்டுக்கீரையும்தான். தொய்யக்கீரை என்றால் கொத்துக்காரம்மாவின் பேத்திக்கு என்னவென்று தெரியவில்லை. என் மகளுக்கும் தெரியாது.

மல்லிச் செடியைப் பற்றி ஒன்று. அதற்கு விதை பிடிப்பதில்லை. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் கொண்டுவந்துதான் நடுகிறோம். கீரைகள் அப்படி இல்லை, ஒரு மழைக்கு அவையாகவே வரும். யாரும் நடாததைத்தான் காசு கொடுத்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். பூவுக்கு இந்த வாரம் நல்ல விலை. உங்களுக்கு ஆள் கிடைத்ததா? எங்களுக்கு இரண்டு நாள் கிடைக்கவில்லை. அழகரைப் பார்க்கப் போய்விட்டார்கள். அழகரும் நம்ம ஆளுகளைக் களவாண்டுட்டுப் போய்விட்டார் என்று தம்பியிடம் சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 5

சீமைக்கருவேலம் பற்றி இங்கே முன்பு வேறொரு பேச்சில் ஆவேசமாக எழுதியிருந்தேன். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது எங்கள் ஓடைக்கரையில் மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. நிலத்தடி நீரை உறிஞ்சுகிற மரம், வேறு எதையும் வளரவிடாத மரம், ஒழியட்டும் என்று.

மரம் கெட்டது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு அக்கா சொன்னார். "நீங்க வெட்டுனீக, நாங்க விடியக்காலம் ஒதுங்க மறைவு இல்லாமப் போச்சு." பூத்தோட்டத்தில் மூன்றரை மணியிலிருந்து எட்டரை வரை இருபது பெண்கள் நிற்கிறார்கள். கழிப்பறை என்ற ஒன்று அந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அந்த முள்ளுப்புதர்தான் கழிப்பறை. அதே புதர்தான் அடுப்புக்கு விறகு, மூட்டம் போட்டால் கரி, கரிக்குக் காசு. நாங்கள் வெட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம், போய்விட்டோம். அந்த இடத்தில் நட்ட புங்கன் கன்றுகளில் பிழைத்தது இரண்டு.

மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தண்ணி குடிக்கமாட்டோம், வேற என்ன" என்றார். பத்தாவது வரைக்கும் அதே தோட்டத்தில் பூ எடுத்தவள் நான். எனக்கு ஓடிப்போய்விட வீடு பக்கத்தில் இருந்தது. அதனால்தான் இது என் ஞாபகத்திலேயே இல்லை.

மே 19

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அம்மாவின் 2014 நோட்டில் கமிஷன் கடைச் சீட்டுகள் சில குண்டூசி குத்தி இருக்கின்றன. ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பேர் எடுத்த பூ, அவர்கள் கணக்கில் எழுதியது மொத்தம் 21 கிலோ 400. அதே நாள் மாட்டுத்தாவணிச் சீட்டில் எடை 23 கிலோ.

பூ வழியில் ஈரம் காய்ந்து எடை குறையும், ஏறாது. முதலில் அம்மா கூட்டலில் தப்புவிட்டார் என்று நினைத்தேன். சீட்டு இருக்கிற பதினொரு நாளையும் போட்டுப் பார்த்தேன். பதினொன்றிலும் அப்படித்தான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எடை போடும்போது அப்பா சத்தமாகச் சொல்வார், "துணிக்கு நூறு, ஈரத்துக்கு நூறு." ஆளுக்கு 200 கிராம் கழிவு. ஒன்பது பேருக்கு 1 கிலோ 800. ஆனால் மடித்துணி தராசில் ஏறியதே இல்லை. பூவைத் தட்டில் கொட்டிவிட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். தராசில் இல்லாத துணிக்கு நூறு கிராம் கழித்திருக்கிறோம். ஈரத்தையும் கழித்துவிட்டு அதே ஈரத்தோடு விற்றிருக்கிறோம்.

வழியில் காய்ந்தது போக, அன்றைய கணக்கில் கூடுதலாக எங்களுக்கு வந்தது 1 கிலோ 600. அப்போதைய கூலி 30 ரூபாய். அவர்களுக்குப் போகாதது 48 ரூபாய், ஆளுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். சீசன் நூறு நாள் என்று வைத்தால் ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். இதுவும் ஒரு நூறு நாள் திட்டம்தான், எங்கள் வீட்டுத் திட்டம்.

அப்பா கெட்டவர் இல்லை. கொத்துக்காரம்மா மகளுக்குப் பிரசவம் கஷ்டமானபோது ராத்திரி வண்டி பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அதே மனுஷர்தான் இதையும் சொல்லியிருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். ஆமாம், அந்த நோட்டில் சில பக்கங்கள் என் கையெழுத்து.

மோட்டார் ரூம் பிறையில் அவர்களுக்கென்று தனியாக நாலு தம்ளர் இருக்கும். அதைப் பற்றி இப்போது எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மே 20

தம்பியிடம் கேட்டேன். இப்போதும் துணிக்கு நூறு கழிக்கிறானாம், ஈரத்துக்கு இல்லையாம். "எல்லாத் தோட்டத்துலயும் இருக்குற வழக்கம்தானக்கா" என்றான். அது உண்மையாகத்தான் இருக்கும்.

ஜூன் 2

தம்பிக்கும் எனக்கும் பேச்சு தடித்துவிட்டது. கழிவை நிறுத்து என்றேன். அவன் நிதானமாகக் கேட்டான். "நீ பூவுக்குப் பேசுறியா, பங்குக்குப் பேசுறியா?"

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் 1989லிருந்தே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு உண்டு. நாடு முழுக்க வந்தது 2005இல்தான், நாம் பதினாறு வருஷம் முந்தி. கணக்கு எழுதுகிறவள், இதெல்லாம் தெரிந்தவள், அப்பா போன மறு வருஷம் நான் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பாத்தியதைக்குரியதை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. பெற்றுக்கொண்டது கல்யாணத்தில் போட்ட நகையும் ஒரு கிரைண்டரும். கிரைண்டர் நன்றாக ஓடுகிறது.

ஆகவே அந்தத் தோட்டத்தில் எனக்குச் சொல் கிடையாது. அதைத்தான் அவன் கேட்டான். இதைக் கொத்துக்காரம்மாவிடம் புலம்பினேன். "எங்களுக்குக் கையெழுத்துப் போடவும் ஒண்ணும் இல்லையே தாயி" என்றார். அதற்குமேல் நான் புலம்பவில்லை.

ஜூன் 16

கொத்துக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நோட்டையும் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல், எப்படிச் சொல்வது, என்ன கேட்பார், திருப்பிக் கொடுப்பது என்றால் யார் யாருக்கு எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. "துணி தராசுல இல்லைங்கிறது எங்களுக்குத் தெரியாதா? உங்கப்பா கழிப்பாரு, நாங்க நாலு பச்சை மொட்டைச் சேத்துக் கிள்ளிப் போட்டுருவோம். அடிக்காம்போட எடுத்தா அதுவும் எடைதான்."

பச்சை மொட்டைக் கிள்ளினால் நாளைய பூ போச்சு என்று முதல் நாள் பெரிய மேதை மாதிரி எழுதியிருந்தேன். முப்பது வருஷமாக எங்கள் நாளைய பூவிலிருந்துதான் அவர்கள் ஈடு செய்துகொண்டிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றேன். ஐந்து பேர் செத்துப்போய்விட்டார்கள், இரண்டு பேர் திருப்பூரில் என்றார். தம்பி கழிவை விட்டால் போதும் என்றார். அப்புறம் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றித் தரச்சொல் என்றார். அப்புறம் மறைவுக்கு நாலு தகரம் அடித்துத் தரச்சொல் என்றார். கிளம்பும்போது, "தார்ப்பாய்னாலும் சரி" என்று இறங்கி வந்தார்.

ஜூலை 14

கேட்டவர் கடைசியில் பதில் போட்டிருக்கிறார். கூலி 60 என்கிறார். ஆள் இன்னும் வரவில்லை என்கிறார். துணிக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கச் செய்தி. கூலி 75, பத்து கேட்டால் ஐந்து கிடைத்தது. தகரம் இன்னும் வரவில்லை, தார்ப்பாய் வந்திருக்கிறது, பச்சை நிறம். தம்பி எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டான், என் உபதேசத்தால் இல்லை, பழைய தராசின் சங்கிலி அறுந்துவிட்டது. நேற்றுக் காலை அதில் முதல் எடை. நானும் போயிருந்தேன். பூவைக் கொட்டுவதற்கு முன்னால் கொத்துக்காரம்மா இடுப்பிலிருந்து ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். 1.004 என்று காட்டியது.

"நாலு கிராம் கவரு," என்றார். "கழிச்சுக்கங்க தம்பி."